ஏஎஃப்-க்கு (இருதயம் தாறுமாறா துடிக்கிற வியாதி) அப்லேஷன் பண்றதுக்கு முன்னாடி எடை குறைக்கச் சொல்றாங்க, உண்மையிலேயே அவசியமாங்க?

மஞ்சள்மண்டி எழுதியது:

வணக்கம்ங்க. என் வீட்டுக்காரருக்கு 52 வயசு. ஈரோட்டுல மஞ்சள் கமிஷன் மண்டி வச்சிருக்கோம். பொங்கல் கழிஞ்ச சமயம், மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுன்னு சொன்னாருங்க. ஈசிஜி எடுத்ததும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏஎஃப்), துடிப்பு 140-க்கு மேலன்னு அன்னிக்கே அட்மிட் பண்ணிட்டாங்க. தொண்டை வழியா எக்கோ பார்த்து, உள்ளே ரத்தக்கட்டி இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, மயக்கம் கொடுத்து ஷாக் வச்சுத் துடிப்பைச் சரி பண்ணினாங்க. கொஞ்ச நாள் நல்லா இருந்தாரு. இப்ப மறுபடியும் வந்துருச்சு.

மாத்திரை: ரத்தம் உறையாம இருக்க அபிக்சபான் காலையும் ராத்திரியும், துடிப்புக்கு அமியோடரோன் ஒண்ணு, பிபிக்கு ஒண்ணு. எடை 96 கிலோ, உயரம் 170 செ.மீ. சுகர் எல்லைக்கோட்டுல நிக்குது, எச்பிஏ1சி (மூணு மாசச் சுகர் சராசரி) 6.2. எக்கோவுல வால்வு நல்லா இருக்கு, இடது மேலறை மட்டும் கொஞ்சம் பெருசாயிருக்குன்னு எழுதியிருக்காங்க. கோயமுத்தூர்ல அப்லேஷன் (தப்பான துடிப்பு கிளம்பற இடத்தைச் சுட்டு அடைக்கறது) பண்ற டாக்டரைப் போய்ப் பார்த்தோம். "பண்ணலாம். ஆனா அதுக்குள்ள பத்து கிலோ இறக்குங்க, குடியை நிறுத்துங்க, குறட்டைக்கு ஸ்லீப் ஸ்டடி பண்ணிட்டு வாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

இவரு கேட்கவே மாட்டேங்கிறாருங்க. "கோளாறு ஹார்ட்டுல இருக்குது, அதைச் சுட்டுட்டா முடிஞ்சு போச்சு, தொப்பைக்கும் துடிப்புக்கும் என்ன சம்பந்தம்?"னு கேக்கறாரு. சனிக்கிழமை ஆனா மண்டிக்காரங்களோட உட்கார்ந்து குடிக்கிறதும் நிக்கலை. இதுக்கு நடுவுல, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க கீரையே தொடக்கூடாதுன்னு யாரோ சொல்லி, எங்க அத்தை முருங்கைக்கீரையை அடியோட நிறுத்திட்டாங்க. காபியும் கூடாதாமா? வாக்கிங் அனுப்பலாமா, போற வழியில படபடப்பு வந்துருமோன்னு எனக்குப் பயமா இருக்குதுங்க. இதே வியாதியோட இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க.

மதுரை_சிஸ்டர் எழுதியது:

அக்கா, கீரை விஷயத்துக்கு மட்டும் உடனே பதில் சொல்லிடறேன். நான் இருதய ஓபியில நர்ஸா இருக்கேன், தினமும் இந்தக் கேள்வி வரும்.

கீரைக் கட்டுப்பாடு அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடறவங்களுக்குத்தான். அந்த மாத்திரைகள் வைட்டமின் கே-வுக்கு எதிரா வேலை செய்யும், கீரையில அது நிறைய இருக்கு. அவங்களும் கீரையை விடணும்னு இல்லை. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடறாங்களோ அதே அளவுல சாப்பிட்டா போதும். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் சுத்தமா இல்லைன்னா ஐஎன்ஆர் (ரத்தம் உறையற வேகத்தைக் காட்டற எண்) தாறுமாறா ஆடும். அண்ணன் சாப்பிடறது அபிக்சபான், அதுக்கும் கீரைக்கும் சண்டையே இல்லை. அத்தைகிட்டச் சொல்லி நாளைக்கே முருங்கைக்கீரை பொரியல் வைக்கச் சொல்லுங்க.

படிக்கிற மத்தவங்களுக்காக ஒண்ணு: சின்ன வயசுல மூட்டு வாதக் காய்ச்சல் வந்து, அதனால மைட்ரல் வால்வு சுருங்கி ஏஎஃப் வந்தவங்க நம்ம ஊர்ல நிறைய. அவங்க "புது மாத்திரை வந்திருக்காமே, ரத்தப் பரிசோதனையே வேண்டாமாமே"ன்னு தானா மாறிடக் கூடாது. 2022-ல வந்த இன்விக்டஸ் ஆய்வுல, இந்த மாதிரி வாதக் காய்ச்சல் இருதய நோயாளிகள் 4,500 பேருக்கு மேல பார்த்ததுல, ரிவராக்சபான்ங்கற புது மாத்திரையைவிட வார்ஃபரின் வகை மாத்திரைகளில்தான் இறப்பு குறைவா இருந்துச்சு. அக்கா வீட்டுக்காரருக்கு வால்வு நல்லா இருக்கறதால இது அவருக்குப் பொருந்தாது.

அபிக்சபான் ஒரு வேளைகூட விடக்கூடாது. அதோட வேலை அரை நாள்ல இறங்கிடும், "சாயங்காலம் மறந்துட்டேன், காலையில சேர்த்துப் போட்டுக்கறேன்"ங்கறது நடக்காது. முட்டி வலின்னு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடறதையும் நிறுத்தச் சொல்லுங்க. ரெண்டும் சேர்ந்தா வயித்துக்குள்ள ரத்தக்கசிவு வரும், பிபியும் ஏறும். மருதம்பட்டைக் கஷாயம் மாதிரி ஏதாவது வீட்டுல கொடுத்தா அதையும் டாக்டர்கிட்டச் சொல்லணும்.

திருப்பூர்_வளர் எழுதியது:

தைராய்டு பார்த்தாங்களாங்க? எனக்கு ஏஎஃப் வந்ததே தைராய்டு அதிகமா சுரந்ததாலதான். அதைக் கட்டுப்படுத்தினதும் துடிப்பு தானா சீராயிருச்சு. பார்க்கலைன்னா டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை எடுத்துருங்க. அமியோடரோன் சாப்பிடறதால எப்படியும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தைராய்டும் ஈரலும் பார்க்கணும், அந்த மாத்திரையில அயோடின் நிறைய இருக்குது.

கும்பகோணத்தான் எழுதியது:

தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் கேக்கற கேள்வி நியாயமான கேள்விதான். தொப்பைக்கும் துடிப்புக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் அவருக்கு உட்கார வச்சு விளக்கலை. எனக்கும் இதே வியாதி. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயத்துல வந்தது. 89 கிலோ இருந்தேன், பிபி இருந்தது, குறட்டை தெருவுக்கே கேக்கும்னு வீட்டுல சொல்லுவாங்க. அப்லேஷன் ஆகி இப்ப நல்லா இருக்கேன். ஆனா எனக்குக் கைகொடுத்தது அப்லேஷன் மட்டும் இல்லைன்னு உறுதியா நம்பறேன். அதனாலதான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

அப்லேஷன்ல என்ன பண்றாங்கன்னா, நுரையீரல்லேர்ந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவர்ற ரத்தக்குழாய்கள் இருக்கு பாருங்க, அதோட வாய்ப்பகுதியிலேர்ந்துதான் பெரும்பாலும் தப்பான மின்துடிப்பு கிளம்புது. 1998-ல பிரான்ஸ்ல போர்தோ நகரத்து டாக்டர்கள் கண்டுபிடிச்சுச் சொன்னது இது. அந்த வாயைச் சுத்திச் சுட்டோ உறைய வச்சோ, அந்தத் துடிப்பு மேலறைக்குள்ள வராம தடுத்துடறாங்க. நல்ல சிகிச்சை. ஆனா அந்த மேலறை ஏன் கெட்டுது? பிபி ஏறி ஏறி அந்த அறை விரிஞ்சு போச்சு. இருதயத்தைச் சுத்திக் கொழுப்பு படிஞ்சு, அது தசைக்குள்ளயும் புகுந்து, நடுநடுவே தழும்பு மாதிரி நார் விழுந்துடுது. குறட்டையில மூச்சு அடைச்சு அடைச்சுத் திறக்கும்போது ஒவ்வொரு ராத்திரியும் நெஞ்சுக்குள்ள அழுத்தம் மாறி அந்த மெல்லிய சுவரைப் பிடிச்சு இழுக்குது. இதெல்லாம் அப்படியே நடந்துக்கிட்டிருக்க, நாலு ரத்தக்குழாய் வாயை மட்டும் அடைச்சா, துடிப்பு வேற இடத்துலேர்ந்து கிளம்பும். குடோன் கூரை ஒழுகும்போது பூஞ்சை பிடிச்ச மஞ்சள் மூட்டையை மட்டும் தூக்கி வெளியே போட்டா போதுமான்னு அவர்கிட்டயே கேளுங்க.

இது என் சொந்தக் கருத்து இல்லை. ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு நகரத்துல பிரசாந்தன் சாண்டர்ஸ்ங்கற டாக்டரோட குழு இதை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சிருக்கு. 2015-ல அவங்க வெளியிட்ட லெகசி ஆய்வுல, எடை கூடுதலா இருந்த ஏஎஃப் நோயாளிகள் 355 பேரை ஐந்து வருஷம் கவனிச்சாங்க. எடையில பத்து சதவீதத்துக்கு மேல குறைச்சு அப்படியே தக்க வச்சவங்கள்ல 45 சதவீதத்துக்கு மேல, மாத்திரையும் இல்லாம அப்லேஷனும் இல்லாம ஏஎஃப் இல்லாமலே இருந்தாங்க. மூணு சதவீதம்கூடக் குறைக்காதவங்கள்ல அப்படி இருந்தது 13 சதவீதம்தான். அதே ஆய்வுல இன்னொண்ணும் தெரிஞ்சுது: எடை அஞ்சு சதவீதத்துக்கு மேல இறங்கி ஏறி இறங்கி ஏறினா, கிடைச்ச பலன்ல ஒரு பகுதி போயிடுது. அதனால ஒரு மாசத்துல பட்டினி கிடந்து பத்து கிலோ இறக்கறது வேண்டவே வேண்டாம். 96 கிலோவுல பத்து சதவீதம்னா ஒன்பதரை கிலோ. டாக்டர் "பத்து கிலோ"ன்னு சொன்ன கணக்கு இதுதான். எனக்கு அந்த அளவு இறங்க வருஷத்துக்கு மேல ஆச்சு.

அப்லேஷன் பண்ணிக்கிட்டவங்களையும் 2014-லேயே பார்த்திருக்காங்க. பிபி, சுகர், எடை, குறட்டை, குடி, புகை எல்லாத்தையும் சேர்த்துக் கவனிச்சவங்களுக்கு அப்லேஷன் நின்னு பலன் கொடுத்தது, கவனிக்காதவங்களைவிடப் பல மடங்கு. இன்னிக்கு அமெரிக்கா, ஐரோப்பா ரெண்டு வழிகாட்டு நெறிகள்லயும் இது சிகிச்சையோட ஒரு பகுதியாவே சேர்ந்துடுச்சு. உங்க கோயமுத்தூர் டாக்டர் உங்களைத் தட்டிக் கழிக்கலை. சரியான டாக்டர்கிட்டதான் போயிருக்கீங்க.

சாப்பாட்டுல எங்க வீட்டுல என்ன மாத்தினாங்கன்னு சொல்றேன், அவங்கவங்க வசதிக்கு எடுத்துக்கலாம். மதியச் சாப்பாட்டுல சோத்தை ஒரு கிண்ணத்துல அளந்து ஒரே தடவை போடறது, ரெண்டாவது தடவை கேட்டா கூட்டும் பொரியலும் மட்டும். முன்னெல்லாம் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவைன்னு மூணு தடவை சோறு விழும். அதுதான் பெரிய வித்தியாசம். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள்ள. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் விசேஷ நாளோட சரி. உப்பு ஒரு நாளைக்கு அஞ்சு கிராமுக்குள்ளன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது ஒரு டீஸ்பூன்தான். ஒரு துண்டு மாங்கா ஊறுகாயும் ரெண்டு அப்பளமும் போதும், அந்தக் கணக்குல பெரிய பங்கு போயிடும். கடையில சாயங்காலம் வர்ற பஜ்ஜி, போண்டா, மிக்சரை நிறுத்தினாலே மண்டியில உட்கார்ந்து வேலை பாக்கறவருக்கு எடை அசையும்.

பிபி வீட்டுல பாருங்க. 130-க்கு 80-க்குக் கீழே வரணும். ஏஎஃப் ஓடிக்கிட்டிருக்கும்போது மிஷின் ஒரு தடவை காட்டறதை நம்பக் கூடாது, ஏன்னா ஒவ்வொரு துடிப்புக்கும் அழுத்தம் வேற வேற. முதுகு சாய்ஞ்சு, கால் தரையில பட, கை நெஞ்சு மட்டத்துல மேஜை மேல இருக்க, அஞ்சு நிமிஷம் பேசாம உட்கார்ந்துட்டு, ஒரு நிமிஷ இடைவெளியில மூணு தடவை எடுத்துச் சராசரியை நோட்டுல எழுதுங்க. டாக்டருக்கு அந்த நோட்டு ரொம்ப உபயோகமா இருக்கும்.

குடியைப் பத்தி நேராவே சொல்றேன். மெல்பர்ன் டாக்டர்கள் 2020-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வாரத்துக்குப் பத்து கிளாஸோ அதுக்கு மேலயோ குடிக்கிற ஏஎஃப் நோயாளிகள் 140 பேர்ல பாதிப் பேரை நிறுத்தச் சொன்னாங்க, மீதிப் பேர் வழக்கம்போல. ஆறு மாசத்துல வழக்கம்போல குடிச்சவங்கள்ல 73 சதவீதம் பேருக்கு ஏஎஃப் திரும்பி வந்தது, நிறுத்தச் சொன்னவங்கள்ல 53 சதவீதம். ஒரு மாத்திரைக்கு இந்தப் பலன் இருந்தா எவ்வளவு விலை கொடுத்தாவது வாங்குவோம். இவர் தினமும் குடிக்கலை, சனிக்கிழமை மட்டும்தானேன்னு சொல்லலாம். ஒரே ராத்திரியில நிறையக் குடிச்சுட்டு மறுநாள் படபடப்போட ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களை 1970-கள்லேயே கவனிச்சு எழுதியிருக்காங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவர் நிறையக் குடிச்சுட்டு வண்டியிலேர்ந்து விழுந்தா மண்டைக்குள்ள ரத்தக்கசிவு வேற.

காபியைப் பத்திக் கவலை வேண்டாம். 2025-ல வெளிவந்த ஒரு ஆய்வுல, ஷாக் கொடுத்துச் சரி பண்ணப் போன 200 பேர்ல, தினம் காபி குடிச்சவங்களுக்கு ஏஎஃப் திரும்பினது 47 சதவீதம், விட்டவங்களுக்கு 64 சதவீதம். குடிச்ச உடனே படபடப்பு வருதுன்னு தனக்கே தெரிஞ்சா மட்டும் விடலாம். ஆனா மண்டியில நாளுக்கு ஆறேழு டம்ளர்னா சர்க்கரையும் பாலும் சேர்ந்து எடைக்கணக்குல வந்துடும், அதைப் பாருங்க.

வாக்கிங் தாராளமா அனுப்புங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. நடக்கும்போது பக்கத்துல வர்றவரோட பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். பத்து நிமிஷத்துல ஆரம்பிச்சு மெல்லக் கூட்டலாம். 2023 அமெரிக்க வழிகாட்டுதல்ல வாரத்துக்கு 210 நிமிஷம்னு இலக்கு வச்சிருக்காங்க, அதாவது தினம் அரை மணி. நெஞ்சுவலி, தலைசுத்தல், கண் இருட்டிக்கிட்டு வர்றதுன்னு ஏதாவது இருந்தா உட்கார்ந்துடணும், அன்னிக்கே டாக்டரைப் பார்க்கணும். யோகாவும் உதவும். அமெரிக்காவுல கான்சஸ் பல்கலைக்கழகத்துல 2013-ல 49 பேரை வச்சுப் பார்த்ததுல, மூணு மாசம் யோகா பண்ணினபோது ஏஎஃப் வர்ற தடவை குறைஞ்சுது. சின்ன ஆய்வுதான், ஆனா கெடுதல் இல்லாத விஷயம்.

ஸ்லீப் ஸ்டடியைத் தள்ளிப் போடாதீங்க. ராத்திரி அவர் குறட்டை திடீர்னு நின்னு, மூச்சே இல்லாம இருந்து, அப்புறம் திணறி எழுந்திருக்கற மாதிரி சத்தம் வருதா? பகல்ல மண்டியில கணக்கு எழுதும்போதே கண் சொருகுதா? சட்டைக் காலர் 17 அங்குலமா? இதுக்கெல்லாம் ஆமான்னா சோதனை அவசியம் வேணும்.

மஞ்சள்மண்டி எழுதியது:

அண்ணா, நீங்க எழுதினதை ராத்திரி அவருக்கு வாசிச்சுக் காட்டினேன்ங்க. குடோன் சொன்ன இடத்துல நிமிர்ந்து பார்த்தாரு, ஒண்ணும் சொல்லலை. காலையில அவரே, "ஸ்லீப் ஸ்டடிக்கு எங்க போகணும்னு கேளு"ன்னாரு. மூச்சு நின்னு நின்னு வர்றது உண்மைதானுங்க, நானே சில நாள் தட்டி எழுப்புவேன். காலர் 17-தான்.

ரெண்டு சந்தேகம். மூச்சு அடைக்காம இருக்க ராத்திரி காத்து கொடுக்கற மிஷினோட மாஸ்க் போட்டுக்கிட்டுத் தூங்க முடியுமா? இவரு பெரிய மீசை வச்சிருக்காரு, அதை எடுக்கச் சொன்னா சம்மதிக்கவே மாட்டாரு. இன்னொண்ணு, இதெல்லாம் பண்ணி எடையும் இறங்கி அப்லேஷனும் நல்லா ஆயிருச்சுன்னா அபிக்சபானை நிறுத்திடலாமாங்க? மாசா மாசம் செலவு அதிகமாகுது.

மதுரை_சிஸ்டர் எழுதியது:

ரெண்டாவதுக்கு நான் சொல்றேன் அக்கா. அப்லேஷனுக்கு அப்புறம் குறைஞ்சது ரெண்டு மூணு மாசம் எல்லாருக்கும் அபிக்சபான் மாதிரி மாத்திரை உண்டு. அதுக்குப் பிறகு துடிப்பு சீராயிருக்கான்னு பார்த்து முடிவு பண்றதில்லை, பக்கவாத ஆபத்து எவ்வளவுன்னு கணக்குப் போட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க. பிபி, சுகர், வயசு 65, 75 தாண்டறது, இருதயம் பலவீனமாகறது, முன்னாடி பக்கவாதம் வந்தது, ரத்தக்குழாய் அடைப்பு, எல்லாத்துக்கும் புள்ளி உண்டு. அண்ணனுக்கு இப்ப பிபிக்கு ஒரு புள்ளி. சுகர் எல்லையைத் தாண்டிட்டா ரெண்டாயிடும், அப்ப மாத்திரை தொடரணும்னுதான் பெரும்பாலும் சொல்லுவாங்க. சுகரை இப்பவே பிடிச்சு நிறுத்தறதுக்கு இது ஒரு காரணம். செலவுக்கு, அதே மருந்து வேற கம்பெனியில விலை குறைவா கிடைக்குதான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க, அபிக்சபான்ல இப்ப நிறையக் கம்பெனி இருக்கு. செலவுக்காக நாளைக்கு ஒரு வேளை மாத்திரையா குறைச்சுக்கறது மட்டும் கூடவே கூடாது.

முகம் ஒரு பக்கம் கோணறது, ஒரு கை விழறது, பேச்சு குழறறது, இதுல எது திடீர்னு வந்தாலும் நேரம் குறிச்சு வச்சுக்கிட்டு 108-ஐக் கூப்பிடுங்க.

கும்பகோணத்தான் எழுதியது:

மீசையை எடுக்க வேண்டியதில்லை தங்கச்சி. எனக்கும் மீசை உண்டு. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடற மாஸ்க்னா மீசை வழியா காத்து கசிஞ்சு கண்ணுல அடிக்கும், தூக்கம் போயிடும். மூக்குத் துளைக்குள்ள மட்டும் உட்கார்ற சின்ன மெத்தை மாதிரி ஒரு வகை இருக்கு, அது மீசைக்குத் தொந்தரவு இல்லை. வாயைத் திறந்து தூங்கறவர்னா அது சரிப்படாது, அதனால வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வகை போட்டுப் பார்த்துட்டு வாங்கணும். மூக்கு காய்ஞ்சு போகுதுன்னா மிஷின்லயே தண்ணி வைக்கிற பெட்டி இருக்கும், அதுல டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும், நம்ம ஊர் போர் தண்ணி ஊத்தினா உப்புப் படிஞ்சுடும். முதல்ல பகல்ல டிவி பார்க்கும்போது அரை மணி போட்டுப் பழகினா ராத்திரி சுலபமாயிடும். மாஸ்க்கைத் தினம் காலையில லேசான சோப்புத் தண்ணியில கழுவிடணும், இல்லைன்னா முகத்து எண்ணெய் பட்டு வழுக்கி, கசிய ஆரம்பிச்சுடும்.

ஒண்ணு நேர்மையா சொல்லணும். மிஷின் போட்டா ஏஎஃப் நின்னுடும்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு ஆய்வுகள் இன்னும் வரலை. போட்டவங்களுக்குத் திரும்பி வர்றது குறைவுன்னு பல இடத்துல கவனிச்சிருக்காங்க, ஆனா குலுக்கல் முறையில பிரிச்சுப் பார்த்த சின்ன ஆய்வுகள்ல அது தெளிவா தெரியலை. இருந்தாலும் பிபி இறங்கும், பகல் தூக்கம் போகும், வண்டி ஓட்டும்போது கண் சொருகாது. அதுக்காகவே போடலாம்.

ஸ்லீப் ஸ்டடி வீட்டுலயே செய்யற மிஷினும் வந்துடுச்சு. விரல்ல ஒண்ணு, மூக்குல ஒண்ணு, நெஞ்சுல ஒரு பெல்ட். நுரையீரல் டாக்டர் இல்லைன்னா காது மூக்கு தொண்டை டாக்டர் ஏற்பாடு பண்ணுவாங்க. ரிப்போர்ட்ல ஏஎச்ஐ-ன்னு ஒரு எண் இருக்கும், மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டுதுங்கற கணக்கு. 5-க்குக் கீழே சரி, 15-லேர்ந்து நடுத்தரம், 30-க்கு மேல கடுமை. சனிக்கிழமை ராத்திரி சோதனை வைக்காதீங்க, குடிச்சுட்டுத் தூங்கினா எண் ஏறிப்போய் தப்பாக் காட்டும். ரிப்போர்ட் வந்ததும் அந்த எண்ணை இங்கே போடுங்க, கோயமுத்தூர் டாக்டர்கிட்ட போகும்போது பிபி நோட்டோட அதையும் எடுத்துட்டுப் போங்க.